மாப்பிள்ளையின் இடது கை

மாப்பிள்ளைக்கு வேலை, சினிமாவுக்குச் சத்தம் கலப்பது. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க ஏழு வருடம் முயன்று, போதும் என்று விட்டுவிட்டார். மிக்ஸிங் என்றதும் பாதிப் பேர் சிமெண்ட் என்று நினைத்தார்கள். மீதிப் பேர், தங்கள் வீட்டு மிக்ஸி ஓடவில்லை, ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அப்படி இரண்டு மூன்று மிக்ஸிகளை அவர் சரிசெய்து கொடுத்ததும் உண்டு. முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அவருடைய ஸ்டுடியோ மாமனார் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. குடும்பம் மொத்தமும் மாடியில். முன்பு அவர் வேலை பார்த்த இடத்தை இழுத்து மூடியபோது, மாமனார்தான் கூப்பிட்டார்.

"வெளிய எதுக்கு அலையணும் மாப்பிள்ள? கீழ ரூமு சும்மாதான கெடக்கு. அதுல உங்க மெஷினெல்லாம் வெச்சுக்குங்க. மேல எங்களோட இருந்துடுங்க. ஒரு ஆறு மாசம், அப்புறம் பாத்துக்கலாம்."

ஆறு மாதம் ஏழு வருடமானது. அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை. பழைய சாமான் போட்டு வைத்திருந்த அந்த அறையில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. சத்தம் வெளியே போகக்கூடாது என்று மாப்பிள்ளையே செங்கல் வைத்து அடைத்தார். மேலே பஞ்சு, அதற்கு மேலே துணி. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். உள்ளே உட்கார்ந்தால் மழையா வெயிலா, பகலா ராத்திரியா ஒன்றும் தெரியாது. தானே கட்டிய கூண்டு என்பதால் யாரையும் குற்றம் சொல்லவும் வழியில்லை.

இத்தனை பஞ்சு வைத்தும் ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. பேச்சு அடங்கும், வயலின் அடங்கும். இடி, வெடி, மோட்டார் போன்ற கனத்த சத்தங்கள் பஞ்சைச் சட்டையே செய்யாது. சுவரைப் பிடித்து ஏறிப் போய் மாமனாரின் கட்டிலை ஆட்டும். மாமனார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். வாயால் சொல்ல மாட்டார். கட்டிலில் இருந்தபடியே குதிகாலால் தரையில் மூன்று தட்டுத் தட்டுவார். அன்று சாப்பாட்டு நேரத்தில் மாமியார் தட்டை வைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல மாப்பிள்ள, மாமாவுக்கு நெஞ்சு லேசா படபடங்குதாம். நீங்க உங்க வேலயப் பாருங்க" என்பார். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித் தன் வேலையைப் பார்ப்பான்? நேரடியாகத் திட்டினால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்பவர்களிடம் என்ன சண்டை போட முடியும்? அவர்கள் கெட்டவர்களும் இல்லை. அதுதான் கொடுமை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் இயக்குநர் வந்தார். நாற்பத்தைந்து வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். ஊரின் மறுகோடியில், பெரிய தியேட்டரோடு சேர்ந்த ஸ்டுடியோ அவருடையது. புதுப் படத்துக்குச் சத்தம் கலக்கவும், பிறகு அங்கேயே நிரந்தரமாக இருக்கவும் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பத்து நிமிடக் காட்சி ஒன்றைக் கொடுத்து, "உங்க ரூம்லயே பண்ணிட்டு வாங்க சார். வியாழக்கெழம காலைல ஒம்போது மணிக்கு எங்க தியேட்டர்ல போட்டுப் பாப்போம். பிடிச்சா நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்கு ஏழு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு இழுத்துவிட்டது போல இருந்தது. அந்த ஸ்டுடியோ இங்கிருந்து போக வர நான்கு மணி நேரம். வேலை கிடைத்தால் அங்கேயே வீடு பார்த்துத்தான் ஆகவேண்டும். 'என்ன மாமா பண்றது, வேலை அங்க ஆயிடுச்சு' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். யார் மனதும் நோகாது. தான் சொல்லவேண்டியதை அந்த வேலையே தன் சார்பில் சொல்லிவிடும் என்பதுதான் அவருடைய கணக்கு. சம்பளம்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வீட்டைக் காலி செய்து கொடுத்தது மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். நாள் முழுக்க எதிரே இருப்பவர் முகத்தையே கவனிக்கிற வேலை. கணவன் முகத்தைப் படிக்க அவளுக்குத் தனியாக மெஷின் தேவையில்லை. "சித்தி உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா, ஒரு நாள் தங்கிட்டு வாங்களேன்" என்று அப்பாவையும் அம்மாவையும் முந்தின நாளே பஸ் ஏற்றிவிட்டாள். கடைக்கும் லீவு போட்டாள்.

காலையில் மாப்பிள்ளை அறையை அளவெடுத்தார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் சப்வூஃபர் என்கிற பெரிய பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்தால் காது எங்கே இருக்குமோ அந்த இடத்தில் மைக்கை நிறுத்தினார். ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சலை ஓடவிட்டார். தகரக் கூரையில் சீராக மழை பெய்வது போன்ற இரைச்சல் அது. ஐந்தும் எழுபத்தொன்பது டெசிபலில் நிற்கவேண்டும். ஒன்று எண்பதைக் காட்டியது, குறைத்தார். ஒன்று எழுபத்தெட்டரை, ஏற்றினார். பிறகு சப்வூஃபர். ஐந்து ஸ்பீக்கர்களாலும் தூக்க முடியாத கனத்த சத்தத்தை எல்லாம் வடிகட்டி அந்த ஒரே பெட்டியின் தலையில் கட்டுவதற்குத்தான் பேஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர்.

"கூட்டுக் குடும்பத்துல ஒருத்தன் தலைல எல்லாத்தையும் கட்டுவாங்களே, அது மாதிரியா?" என்றாள் மனைவி.

"அதே மாதிரிதான். ஆனா இங்க அளவு இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

அளவு என்பதுதான் முக்கியம். அந்தப் பெட்டி இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவாகப் பாடினால், கேட்கிறவர் படத்தில் கனம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சேர்ப்பார், மேலும் கொஞ்சம் சேர்ப்பார். அதைச் சரியான அளவில் பாடுகிற தியேட்டரில் கொண்டுபோய்ப் போட்டால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதனால் அரை மணி நேரம் தவம் கிடந்து அளவைப் பிடித்தார். மேசையில், இடது கைக்குப் பக்கத்தில், சப்வூஃபருக்கென்று ஒரு குமிழ் இருந்தது; அறையில் கேட்பதை மட்டும் கூட்டிக் குறைக்கும், படத்தில் பதிவதைத் தொடாது. அதன் முனை நின்ற இடத்துக்கு நேராக வெள்ளை டேப் ஒட்டினார். "இன்னிக்கு இதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல" என்று மனைவியிடம் சொன்னார். கோயிலில் சத்தியம் செய்கிறவர் மாதிரி முகம் இருந்தது.

காட்சி இதுதான். ஒரு வீட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் இருக்கிற அறையில், ஒருவனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு மேலே, பூட்டியவர்கள் நடக்கிற காலடிச் சத்தம். வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். கடைசியில் மோட்டார் சட்டென்று நின்றுவிடுகிறது. பத்து நிமிடத்தில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

விளக்கை அணைத்துவிட்டு மாப்பிள்ளை வேலையில் இறங்கினார். காலடிகளைப் பின்னால் இருக்கிற இரண்டு ஸ்பீக்கர்களில் வைத்தார். மோட்டார் உறுமலை நடுவில் வைத்துக் கீழிருந்து எழுப்பினார். திரும்பத் திரும்ப ஓட்டினார். ஏனோ உறுமல் போதவில்லை என்று பட்டது, ஏற்றினார். மறுபடி ஓட்டினார். இன்னும் போதவில்லை. மனைவி பின்னால் சோபாவில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எழுந்தபோது முதுகு விண்ணென்று தெறித்தது. ஆனால் மனது நிறைந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தியேட்டரில் படம் ஓட ஆரம்பித்த மூன்றாவது நிமிடமே மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உறுமல் என்றால் அப்படி ஒரு உறுமல். நாற்காலிகள் அதிர்ந்தன. பக்கவாட்டுக் கதவு கடகடவென்று ஆடியது. டெக்னீஷியன் எங்கேயோ ஏதோ கழன்றுவிட்டது என்று டார்ச்சோடு ஓடினார். மோட்டார் நின்றபோது அரங்கில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"தியேட்டர் செட்டிங்..." என்று இழுத்தார். டெக்னீஷியன் மீட்டரைக் கொண்டுவந்து காட்டினார். அரை டெசிபல் பிசகவில்லை.

இயக்குநர் சற்று நேரம் நெற்றியைத் தேய்த்தார். "சார், அந்தக் காலடிச் சத்தம் வருதே, எனக்கே பயமா இருந்துச்சு. மேல ஆள் நடக்குறத நெஜமாவே கேட்டுக்கிட்டுக் கெடந்தவங்கதான் இப்படி வைக்க முடியும். அதுக்காக ஒரு நாள் தர்றேன். ஆனா மோட்டார இந்த மாதிரி இன்னொரு தடவ கேட்டா நானே எழுந்து போயிடுவேன். நாளைக்கு இதே நேரம்."

வீடு வரும்வரை மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஓடவில்லை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தார். வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது. காலையிலேயே ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். நேராகக் கீழறைக்குப் போய் விளக்கைப் போட்டு, டார்ச் அடித்தும் பார்த்தார். குமிழ் வெள்ளை டேப்பில் இல்லை. நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்பது டெசிபல் குறைவு.

ஏழு வருடக் கோபம் அத்தனையும் மண்டைக்கு ஏறியது. மனைவி உள்ளே வந்தாள். கடைக்குப் போகவில்லை அவள்.

"ஒங்கப்பாவுக்கு என்ன தைரியம்! கீழ எறங்கி வந்து கை வெச்சிருக்காரு பாரு! வந்தும் வராததுமா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் நெனச்சபடி இருக்கக்கூடாதா?"

"அப்பா கீழயே வரலங்க."

"பின்ன குமிழ் தானா திரும்புச்சா?"

அவள் கதவைச் சாத்தினாள். "நீங்கதான் திருப்புனீங்க. நேத்து. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

"நானா?"

"நீங்கதான். ஒரு தடவ இல்ல, பத்துப் பதினஞ்சு தடவ. கொஞ்சம் கொஞ்சமா. வேலைல அது ஒரு பகுதின்னு நெனச்சேன். கேக்கலாமான்னு பாத்தேன், நடுவுல பேசுனா ஒங்களுக்குப் பிடிக்காது."

"வீட்ல யாருமே இல்லயே. யாரும் தட்டலயே. நான் எதுக்குக் கொறைக்கணும்?"

அவள் சோபாவில் போய் உட்கார்ந்தாள். கண் பரிசோதிக்கிறபோது பேசுகிற நிதானமான குரலில், "படத்தப் போடுங்க. கைய இயல்பா வெச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாள்.

குமிழை டேப்புக்குக் கொண்டுவந்துவிட்டுப் போட்டார். மோட்டார் உறுமியது. பூட்டப்பட்டவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பின்னால் இருக்கிற ஸ்பீக்கர்களில், தலைக்கு மேலே, முதல் காலடி விழுந்தது. டம். இரண்டாவது. டம்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

மாப்பிள்ளை பார்த்தார். தன்னுடைய இடது கை மேசையில் ஊர்ந்து போய்க் குமிழைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சமாக, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, இடதுபக்கம் திருப்பியும் இருந்தது. தான் சேர்த்த சத்தம், தான் வைத்த இடத்திலிருந்து வருகிறது, மேலே யாரும் நடக்கவில்லை. இதெல்லாம் தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். யாரோ மூன்றாம் மனிதரின் கையைப் பிடித்துவிட்டது போல உடம்பு கூசியது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. கடைசியில் அழுகை வந்தது, அவர் அதை அடக்கவும் இல்லை. மனைவி சோபாவிலிருந்து எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்தவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி அளவெடுத்தார். எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது. சப்வூஃபருடைய தனித் தடத்துக்கு மட்டும், தியேட்டரில் இருக்கிற முறைப்படி, பத்து கூடுதல். டேப்பை அழுத்தி ஒட்டினார். இன்று மேலே ஆள் இருக்கிறார்கள், நிஜமான ஆட்கள். இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி இருந்தது, ஆனால் வேலை நடந்தது. வலது கையால் மோட்டாரை இறக்கிக்கொண்டே வந்தார். ஐந்து இறக்கினார், ஏழு இறக்கினார். இறக்கியும் அந்த அறையில் அது கனமாகவே இருந்தது. ஏழு வருடத்தில் அந்தப் பெட்டி தன் முழுக் குரலில் பாடுவதை இந்த வீடு கேட்டதில்லை.

நான்காவது முறை ஓட்டும்போது மேலே குதிகால் தட்டியது. மூன்று தட்டு. படத்தில் இல்லாத தட்டு. தொடைக்கு அடியில் கை துடித்தது. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நகராமல் இருந்தார். மறுபடி மூன்று தட்டு. அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் படியிறங்கும் சத்தம் கேட்டது. வெளிக் கதவு திறந்தது, உள் கதவு திறந்தது. மாமனார் நின்றார். இரண்டு கதவையும் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன மாப்பிள்ள, ஒடம்புக்கு எதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். தட்டுனேனே, கேக்கலயா?"

"கேட்டுச்சு மாமா."

 மாமனார் சோபாவின் ஓரத்தில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். மோட்டார் அறையில் இருந்தவன் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலடிகள் போயின, வந்தன.

"இவன எதுக்குப் பூட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பினார். நாளைக்குத் தியேட்டரில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. வேலை கிடைத்தால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியேறிவிடலாம். கிடைக்காவிட்டால் இந்த அறை, இந்தக் குமிழ், இந்தக் கை, இன்னும் ஏழு வருடம். 

"மாமா, நாங்க தனியாப் போகலாம்னு..."

"என்னது?"

"தனியா... வேற வீடு பாத்து..."

"ஒண்ணுமே கேக்கல மாப்பிள்ள. அதக் கொஞ்சம் கொறச்சுட்டுச் சொல்லுங்க!"

ஒரு பொத்தானை அழுத்தினால் படம் நின்றுவிடும். மாப்பிள்ளைக்கு அது தெரியாதா என்ன? ஆனால் அந்த உறுமல் நின்றால் தன் வாயும் சேர்ந்து நின்றுவிடும் என்பதும் தெரிந்திருந்தது. மூச்சை இழுத்தார். அடிவயிற்றிலிருந்து, வாழ்க்கையில் ஒருமுறைகூட யாரிடமும் கத்தாதவர், கத்தினார்.

"என்னால இங்க இருக்க முடியல மாமா! மூச்சு முட்டுது! நான் இங்கேந்து போகணும்!"

முதல் வாக்கியத்தோடு படத்தில் மோட்டார் நின்றுவிட்டது. அந்த இடம் வரப்போகிறது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். மீதி இரண்டும் மயான அமைதியில் விழுந்தன. திறந்திருந்த கதவுகள் வழியாகப் படியேறி மாடிக்கும் போயின.

"யாருக்கு மூச்சு முட்டுது? என்னாச்சு?" என்று மேலிருந்து மாமியாரின் குரல் பதறியது.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். தொடைக்கு அடியில் இருந்த கையையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல" என்று மேலே பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ள வேற வீட்டுக்குப் போகணும்ங்குறாரு."

"எங்கயாம்?"

மாமனார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. வயதுதான் தெரிந்தது. "எங்க மாப்பிள்ள?"

 வெளியேறுவதைப் பற்றி ஏழு வருடம் யோசித்த மாப்பிள்ளை, எங்கே போவது என்று ஒரு நாள்கூட யோசித்திருக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மூணாவது தெருவுல" என்றாள் மனைவி. "ரெண்டு ரூமு, ஒரு சமையலறை. மேல யாரும் கெடயாது, மொட்ட மாடிதான். வீட்டுக்காரம்மா என் கடைக்கு வர்றவங்க. நம்மளுக்காக வெச்சிருக்கேன்னு சொன்னாங்க."

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"எப்பப் பாத்த?" என்றார் மாப்பிள்ளை.

"மூணு வருஷமாச்சு" என்றாள் அவள். "அதுக்கப்புறம் அவங்க ரெண்டு தடவ குடி வெச்சாங்க. காலியாகுறப்பல்லாம் எனக்குத்தான் மொதல்ல சொல்லுவாங்க. நான்தான் வீட்ல கேட்டுச் சொல்றேன், வீட்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."